இரவல் கொடுத்த வண்டியும் மூன்று வருடக் கணக்கும்

2022 ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணி இருக்கும். திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் நின்று நண்பன் கேட்டான்: "மாப்ள, வண்டியக் குடு. நத்தம் வரைக்கும் போய்ப் பத்திரிகை வச்சுட்டு வந்துடுறேன். எட்டு மணிக்குள்ள வண்டி உன் வாசல்ல நிக்கும்."

அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அவனுடைய குட்டியானை லோடு வண்டி கிளட்ச் வேலைக்காக ஷெட்டில் கிடந்தது. சாவியோடு என் ஹெல்மெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். "பெட்ரோல் இருக்கா?" என்று அவன் கேட்டான். "போய் வரத் தாங்கும்" என்றேன். எங்களுக்குள் நடந்த விசாரணை அவ்வளவுதான். அவன் பெட்ரோலைப் பற்றிக் கேட்டான். நான் எதைப் பற்றியும் கேட்கவில்லை.

அந்த நாலு மணியிலிருந்து போன மாதம் வரை ஓடிய விவகாரத்தைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு எழுதுவது என் தொழில், ஒரு நூற்பாலையில். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். இங்கே அவன் பெயர் வேண்டாம், நண்பன் என்றே இருக்கட்டும்.

முதலில் வண்டியின் ஜாதகம். 2019 டிசம்பரில் வாங்கிய ஸ்ப்ளெண்டர், ஆர்.சி. என் பெயரில். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்கும் புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி பாலிசியை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவால் ஆனது. அதனால் ஷோரூமில் "சார், அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கவலையே இல்ல" என்றார்கள். நானும் கவலைப்படவில்லை. பாலிசி காகிதத்தை விரித்துப் பார்த்திருந்தால் அதில் மூன்று வரிகள் தனித்தனியாக இருப்பது தெரிந்திருக்கும். அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கும் இழப்புக்குமான காப்பு ஐந்து வருடம். என் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பு ஒரு வருடம். உரிமையாளர் ஓட்டும்போது இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பு, அதுவும் ஒரு வருடம். பின்னிரண்டும் 2020 டிசம்பரிலேயே செத்துப்போயிருந்தன. மில்லுக்கு வரும் ஒவ்வொரு பில்லின் தேதியையும் சரிபார்க்கிறவன், சொந்த வண்டியின் பாலிசியை அலமாரியில் செருகியதோடு சரி.

அடுத்து அவனுடைய லைசென்ஸ். பன்னிரண்டு வருடமாக லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். சரக்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறி இறங்கியவன். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பது, சமையல்காரரிடம் அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று கேட்பதுபோல. இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் பின்னால் பிரச்சினையாயிற்று.

சாணார்பட்டிக்கு முன்னால்

நத்தத்தில் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். கோபால்பட்டியைத் தாண்டி, சாணார்பட்டி வருவதற்கு முன் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. நேரம் ஆறே முக்கால், பொழுது சாய்ந்து கண் மயங்கும் வேளை. நின்ற பஸ்ஸை வலது பக்கமாகக் கடந்தான். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் சாலையின் குறுக்கே வந்தது. பின் கேரியரில் பால் கேன் வைத்துக்கொண்டு, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வீடு திரும்பிய பெரியவர். 61 வயது. வண்டி சைக்கிளின் நடுவில் மோதியது. பெரியவருக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. நண்பன் சாலையில் உருண்டதில் காறை எலும்பும் இடது மணிக்கட்டும் போயின. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டின் இடது பக்கம் தேங்காய் துருவியதுபோல் தேய்ந்திருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

108 வந்து இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. அரசு மருத்துவமனையில் சேர்த்ததும் ஏ.ஆர். காப்பி எழுதினார்கள். யார், எங்கே, எப்படி அடிபட்டார் என்று மருத்துவர் பதியும் விபத்துப் பதிவேடு அது. நண்பன் மயக்கமாகவில்லை. கேட்டதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொல்லியிருக்கிறான்: "நான்தான் ஓட்டிட்டு வந்தேன், வண்டி என் ஃப்ரெண்டோடது." இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. பெரியவரை இரண்டாம் நாள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றியபோது அந்தத் திட்டம் அவர் குடும்பத்துக்கு முதல் செலவைத் தாங்கிப் பிடித்தது. அதற்கு மேல் ஆனதுதான் பின்னால் பில்லாக வந்தது.

எனக்குப் போன் வந்தது எட்டு மணிக்கு. வண்டி வாசலில் நிற்கும் என்று அவன் சொன்ன அதே எட்டு மணி.

"வேற ஆளக் காட்டிடலாம்"

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனேன். விபத்து நடந்தால் வண்டியை ஓட்டியது யார், அவருடைய லைசென்ஸ் விவரம் என்ன என்பதை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 133 அதைத்தான் சொல்கிறது. அவனுடைய லைசென்ஸ் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒரே ஒரு வரி: எல்.எம்.வி. இலகுரக மோட்டார் வாகனம். "டூ வீலர் எங்க?" என்றார். நான் அட்டையை வாங்கி நானும் திருப்பிப் பார்த்தேன், ஏதோ அவர் பார்க்கத் தவறியதை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பதுபோல.

இது கொஞ்சம் விளக்கம் கேட்கிற இடம். சட்டத்தின் பத்தாவது பிரிவு லைசென்ஸை வகை வகையாகப் பிரிக்கிறது. கியர் இல்லாத இருசக்கரம் ஒன்று, கியர் உள்ளது ஒன்று, இலகுரக வாகனம் ஒன்று, இப்படி. டிரைவிங் ஸ்கூலில் சேரும்போது பெரும்பாலானவர்கள் பைக்கும் காரும் சேர்த்தே போடுவார்கள். இவன் இருபத்து நாலு வயதில் அவசரமாக ஒரு வேலைக்காகக் கார் மட்டும் போட்டிருக்கிறான். பைக்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியைத் தனி முத்திரை இல்லாமலே ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதியும் செய்தது. ஆக அவன் ஏழரை டன் வண்டியை ஓட்டலாம். நூற்றுப் பத்துக் கிலோ சொச்சம் இருக்கும் என் ஸ்ப்ளெண்டரை ஓட்டக் கூடாது.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். இந்த மாதிரி விவகாரங்களில் ஒத்தாசை செய்கிறவர் என்று தெரிந்தது. "தம்பி, இதுல கஷ்டப்பட வேண்டாம். டூ வீலர் லைசென்ஸ் இருக்குற வேற ஆளக் காட்டிடலாம். இன்சூரன்ஸ்காரன் கட்டிட்டுப் போறான்." எங்கள் பக்கத்தில் இது சாதாரணமாக நடக்கிற காரியம். எனக்குச் சபலம் தட்டவில்லை என்று சொன்னால் அது பொய். என் மச்சானிடம் எல்லா வகையும் உள்ள லைசென்ஸ் இருந்தது. போன் போட்டுக் கேட்கலாமா என்று நம்பரைத் தேடும் வரை போனேன். நிறுத்தியது என் நேர்மை அல்ல, அந்த ஏ.ஆர். காப்பி. ஓட்டியது இன்னார் என்று மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிவிட்டது. 108 பதிவிலும் இருக்கிறது. அடிபட்டுத் தோளில் கட்டுப் போட்டுக் கிடப்பவன் பயணியாக வந்தான், ஓட்டியவன் கீறல் இல்லாமல் தப்பினான் என்று கதை கட்டியிருந்தால் இன்சூரன்ஸ் புலனாய்வாளர் அரை நாளில் பிரித்திருப்பார். பொய்ச் சாட்சியம், மோசடி என்று மச்சானும் சேர்ந்து மாட்டியிருப்பார். டீக்கான காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதல் தகவல் அறிக்கை இந்திய தண்டனைச் சட்டம் 279 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 337 (அதனால் காயம்) பிரிவுகளில் பதிவாயிற்று. அப்போது இன்னும் பழைய சட்டம்தான் நடப்பில் இருந்தது. எலும்பு முறிவு என்று மருத்துவச் சான்று வந்ததும் 337 போய், கொடுங்காயத்துக்கான 338 ஆயிற்று. கூடவே மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அவன்மேல் 181. அப்படிப்பட்டவரை ஓட்டவிட்டதற்கு என்மேல் 180. பலருக்கு இந்த இரண்டாவது பிரிவு இருப்பதே தெரியாது. 2019 திருத்தத்துக்கு முன் அதற்கு அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான், இப்போது 5,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. நான் விபத்து நடந்த இடத்திலேயே இல்லை, வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் கணக்கில் என் குற்றம் நாலு மணிக்கே, சாவியைக் கொடுத்தபோதே முடிந்துவிட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்தார். முன் பிரேக், பின் பிரேக், லைட், ஹாரன் எல்லாம் சரி, இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று அறிக்கை கொடுத்தார். வண்டியைச் சர்வீஸ் தவறாமல் வைத்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு, அன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. விபத்துக்கு வண்டி காரணமில்லை என்றால் ஓட்டியவர்தான் காரணம், அவரிடம் அந்த வகை லைசென்ஸ் இல்லை என்று அதே காகிதத்தைக் காட்டி எதிர்த்தரப்பு வாதிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

நண்பன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நடுவர் நீதிமன்றத்தில் அபராதம் கட்டினான். நானும் என் பங்கைக் கட்டினேன். அலைச்சல் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். அந்த ஒப்புதல் இழப்பீட்டு வழக்கில் அவனுடைய அஜாக்கிரதைக்கு ஆதாரமாக வந்து நிற்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் எந்த வக்கீலிடமும் கேட்கவில்லை.

தீர்ப்பாயத்தில்

2023 ஜனவரியில் பெரியவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு மனுப் போட்டார். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து மறுபடி அமலுக்கு வந்திருந்தது. முதல் எதிர்மனுதாரர் நான், வண்டி உரிமையாளர். இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. சம்மன் வந்த அன்று மில்லில் ஒருவர் சொன்னார்: "உனக்கு என்னய்யா, இன்சூரன்ஸ் இருக்குல்ல? போகவே வேண்டாம், அவங்க பாத்துக்குவாங்க." இப்படி நம்பிப் போகாமல் விட்டு எக்ஸ்பார்ட்டி ஆகிறவர்கள், அதாவது தங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வாங்குகிறவர்கள், ஏராளம். கம்பெனியின் வக்கீல் கம்பெனிக்காகத்தான் வாதாடுவார். உரிமையாளருக்காக அங்கே யாரும் இல்லை. சில இடங்களில் கம்பெனியின் வாதமே உரிமையாளருக்கு எதிரானது, என் வழக்கில் அப்படித்தான் ஆயிற்று. நல்லவேளையாக நான் போனேன், ஒரு வக்கீலையும் வைத்தேன்.

கம்பெனி சொன்னது எளிமையானது. பாலிசி நடப்பில் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டியவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் இல்லை, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, ஆகவே பொறுப்பில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் வாங்கி, அங்கிருந்து ஒருவரைச் சாட்சியாகவும் கூட்டி வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

என் வக்கீல் பிடித்துக்கொண்டது 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்த ஸ்வரண் சிங் வழக்கை. லைசென்ஸ் தகராறு என்றாலே தீர்ப்பாயங்களில் இந்தப் பெயர் வராமல் இருக்காது. அதன் சாரம் இரண்டு. லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் கம்பெனி கழன்றுகொள்ள முடியாது, உரிமையாளர் தெரிந்தோ நியாயமான கவனம் எடுக்காமலோ கொடுத்தார் என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். வேறு வகை வண்டிக்கான லைசென்ஸ் இருந்தால், அந்தக் குறைதான் விபத்துக்கு முக்கியக் காரணமா என்றும் பார்க்க வேண்டும். நான் கூண்டில் ஏறிச் சொன்னேன்: பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர், லைசென்ஸ் வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதை நம்பித்தான் கொடுத்தேன்.

குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் மூன்றே கேள்வி கேட்டார். லைசென்ஸை எப்போது பார்த்தீர்கள்? "போலீஸ் செக்கிங்ல எடுத்துக் காட்டும்போது." கையில் வாங்கிப் பார்த்தீர்களா? "இல்லை." பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? நான் பதில் சொல்வதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் பக்கமும் ஒரு வாதம் மிச்சம் இருந்தது. நின்ற பஸ்ஸை ஒட்டிக் கடப்பது கார் லைசென்ஸ் உள்ளவனும் பைக் லைசென்ஸ் உள்ளவனும் ஒரேமாதிரி செய்கிற தப்பு. பைக் லைசென்ஸ் சோதனையில் எட்டு போட்டுத் தேறியிருந்தால் அன்றைக்கு அவன் நிதானித்திருப்பானா என்ன? இதை வக்கீல் அழுத்திச் சொன்னார். தீர்ப்பாயம் ஏற்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் தகுதியைச் சோதனை கொடுத்து நிரூபிக்காத ஒருவரிடம், அதைச் சரிபார்க்காமல் கொடுத்தது உரிமையாளரின் கவனக்குறைவு என்று தீர்த்தது. மேல்முறையீட்டில் இந்த இடத்தைத் தட்டிப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. செலவுக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

2024 நவம்பரில் வந்த உத்தரவின் கணக்கு இது. 25 சதவீத ஊனத்துக்கு 1,25,000. மருத்துவ பில் 86,000. ஆறு மாத வருமான இழப்பு 72,000. வலி வேதனைக்கு 50,000. உடன் இருந்து கவனித்ததற்கு 20,000, சத்துணவுக்கும் போக்குவரத்துக்கும் 20,000. மொத்தம் 3,73,000 ரூபாய், மனுத் தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி. அதன்கீழ் ஒரு வரி: கம்பெனி முதலில் பெரியவருக்குச் செலுத்திவிட்டுப் பின் முதல் எதிர்மனுதாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கோர்ட் வட்டாரத்தில் இதற்குப் பெயர் 'பே அண்ட் ரெக்கவரி'.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பால் கேனோடு போன மனிதர், ஓட்டியவனின் அட்டையில் எத்தனை வரி இருந்தது என்பதற்காகக் காத்துக் கிடக்கக் கூடாது. அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. பிறகு மிச்சம் இருந்தது கம்பெனிக்கும் எனக்கும். என்மேல் கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதுகூட இல்லை, அதே உத்தரவை வைத்து நிறைவேற்று மனுப் போட்டால் போதும். 2004-லேயே இன்னொரு தீர்ப்பில் அதற்கும் வழி சொல்லியாயிற்று.

அடிபட்ட இன்னொருவன்

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவரைப் பற்றியும் என்னைப் பற்றியும். இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்ட பகுதி வேறு. நண்பனுக்கும் எலும்பு முறிந்ததே, அவனுக்கு என்ன?

ஒன்றும் இல்லை. லைசென்ஸில் பைக் வகை இருந்திருந்தாலும் ஒன்றும் இல்லை.

இதை நான் நம்பவே நேரம் பிடித்தது. தேர்டு பார்ட்டி என்றால் மூன்றாம் நபர். நான் வண்டிக்காரன், கம்பெனி இரண்டாம் தரப்பு, அவன் மூன்றாம் ஆள்தானே என்று அப்பாவித்தனமாக வக்கீலிடம் கேட்டேன். அவர் நிங்கம்மா வழக்கைக் காட்டினார். கர்நாடகத்தில் ஒருவர் வேறொருவரின் ஹீரோ ஹோண்டாவை இரவல் வாங்கிக்கொண்டு இல்கலிலிருந்து சொந்த ஊருக்குப் போகிறார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப்போன மாட்டுவண்டி சட்டென்று நிற்கிறது. மோதி இறந்துபோகிறார். வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் குடும்பம் இழப்பீடு கேட்கிறது. 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், உரிமையாளர் தன்னிடமிருந்தே இழப்பீடு கேட்க முடியாது, ஆகவே, யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்க வழிசெய்த 163ஏ பிரிவில் இந்தக் கோரிக்கை நிற்காது. வேறு பிரிவில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2020 ஜனவரியில் ராஜஸ்தான் வழக்கொன்றிலும் இதே வழியில்தான் போனார்கள். அங்கும் இரவல் பைக், அங்கும் ஓட்டியவர் இறந்துவிட்டார். மோதிய இன்னொரு வண்டியின் தரப்பை விட்டுவிட்டு, இரவல் வண்டியின் உரிமையாளர்மேலும் கம்பெனிமேலும் மட்டும் வழக்குப் போட்டிருந்தார்கள். கிடைத்தது பாலிசியின் தனிநபர் விபத்துக் காப்பில் இருந்த ஒரு லட்சம்.

அதாவது சாவியைக் கைமாற்றும் நொடியில் நான் உரிமையாளர் என்ற பொறுப்பிலிருந்து இறங்கவில்லை, அவனோ என் இடத்தில் ஏறிக்கொள்கிறான். நஷ்டத்துக்கு இருவரும் உரிமையாளர். வாங்குவதற்கு இருவருமே மூன்றாம் நபர் இல்லை. ராஜஸ்தான் வழக்கிலாவது தனிநபர் காப்பு ஒரு லட்சம் இருந்தது. என்னுடையது ஒன்றரை வருடத்துக்கு முன்பே காலாவதி.

வண்டியைக் கொடுக்க யோசிக்கிறவர்கள் எல்லோரும் தங்களுக்கு என்ன ஆகுமோ என்றுதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன், யோசித்திருந்தால். அன்று அவன் தலை ஹெல்மெட் இல்லாமல் சாலையில் பட்டிருந்தால் அவன் மனைவிக்கும் காதுகுத்துக்குக் காத்திருந்த பிள்ளைக்கும் என் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் போயிருக்காது. சினேகிதத்தில் கொடுத்த வண்டி அவனை எந்தக் காப்பும் இல்லாமல் ரோட்டில் இறக்கிவிட்டிருந்தது. இது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவனுக்கு ஆன நஷ்டம் எந்தத் தீர்ப்பிலும் ஏறவில்லை. மணிக்கட்டுக்குத் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் குட்டியானை ஓடவில்லை, அதன் மாதத் தவணை மட்டும் ஓடியது. காதுகுத்து தை மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. என் வண்டிக்கு ஃபோர்க், ஹேண்டில்பார், முன் சக்கரம் என்று 14,000 ரூபாய் ஆனது. ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பு இல்லாததால் அதையும் அவன்தான் கொடுத்தான். வேண்டாம் என்று சொன்னேன். மெக்கானிக்கிடம் எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டான்.

இன்னும் மோசமாகப் போயிருக்கக்கூடிய வழிகளை அவ்வப்போது எண்ணிப் பார்ப்பேன். அவன் அக்கா பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் இருந்தது, கடைசி நேரத்தில் பையன் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்குக் காப்பு இல்லை என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் கதை வேறு. குடித்திருந்தால் கம்பெனிக்கு இன்னொரு எதிர்வாதம் கிடைத்திருக்கும், 2022-லிருந்து சட்டத்திலேயே அதையும் சேர்த்திருக்கிறார்கள். கேட்டவன் பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் பேச்சே இல்லை, உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, ஒரு வருடம் பதிவு ரத்து.

பணம்

வட்டியோடு சேர்த்துக் கம்பெனி கட்டியது சுமார் 4,29,000 ரூபாய். 2025 நடுவில் எனக்கு நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்தது. அன்றிரவு அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி காபி கொடுத்தது. அவன் நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு, "நீ ஒரு பைசா போடக் கூடாது மாப்ள" என்றான். அது அவன் மனது. கம்பெனிக்கு அவன் மனது பொருட்டில்லை. உத்தரவில் இருப்பது என் பெயர், கட்டாவிட்டால் ஜப்தி என் சொத்துக்கு, அதிலும் என் சம்பளத்துக்குத்தான் முதலில் வந்திருக்கும்.

நான்கு தவணையாகக் கட்ட அனுமதி கிடைத்தது. நகையை அடகு வைத்து 2,60,000 அவன் கொடுத்தான். மிச்சம் என் பி.எஃப். முன்பணம். அந்த மிச்சத்தை அவன் திருப்பித் தர வேண்டுமா, நான் கேட்க வேண்டுமா என்று இதுவரை இருவரும் பேசவில்லை. என் மனைவி பேசிவிட்டாள், என்னிடம். அஜாக்கிரதையாக ஓட்டியது அவன், சரிபார்க்காமல் கொடுத்தது நான், அதில் எனக்கென்று ஒரு பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பங்கு 1,69,000 ரூபாயா என்று கேட்டால் என் கணக்கு அறிவுக்கு அது எட்டவில்லை. நோட்டில் அந்தத் தொகைக்கு எதிரே பெயர் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பாலிசியின் ஐந்து வருடம் 2024 டிசம்பரில் முடிந்ததும் ஃபுல் இன்சூரன்ஸாகப் புதுப்பித்தேன், தனிநபர் காப்பும் சேர்த்து. வண்டி கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். லைசென்ஸைக் காட்டச் சொல்வேன். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும், அதிலும் வகை தெரியும். ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். மில் செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் மட்டும் அட்டையைப் பார்த்துவிட்டு, "எனக்கே இப்பத்தான் தெரியுது, போன வருஷமே முடிஞ்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸில் போனார்.

நண்பன் போன மாதம் மோட்டார் சைக்கிள் வகையைச் சேர்க்க விண்ணப்பித்தான். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் காத்திருந்து, அப்புறம் சோதனைக்குப் போக வேண்டும். சோதனைக்கு வண்டி வேண்டும். அவனிடம் பைக் இல்லை. இரண்டு நாள் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வந்தான்.

காலையில் நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். மைதானத்து வாசலில் இறங்கியதும், நான் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து எல்.எல்.ஆர். காகிதத்தை எடுத்து நீட்டினான். வாங்கி முன்பக்கம் படித்தேன், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அங்கே ஒன்றும் அச்சாகவில்லை. சாவியைக் கொடுத்தேன். எட்டு போட ஆரம்பித்தான், முதல் வளைவு அழகாக வந்தது. இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டான். ஏழு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன்.